சடைக் கேசட்

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். பழைய ஆடியோ கேசட்டின் அட்டை. முதுகைக் காட்டி நிற்கிற ஒரு பெண், தலையில் முளைப்பாரி, இடுப்புக்குக் கீழே இறங்குகிற ஒற்றைச் சடை, சுற்றிலும் வெளுத்த பச்சை. உடனே ஆரம்பித்துவிட்டீர்கள். ‘ஐயோ, எங்க வீட்டுல இருந்துச்சு’, ‘எங்க தெருக் கோயில் கொடையில இதுதான் ஓடும்’, ‘அந்தக் காலத்துலயே என்ன ரசனை பாருங்க அந்தப் பாட்டுக் குழுவுக்கு’ என்று ஆளாளுக்குப் பூங்கொத்தும் கைதட்டலும். அந்தக் குழுவுக்கு ரசனையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வீசியதில் அதன் ஒரு கை உடைந்தே போனது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவளை இப்படியா படுத்துவீர்கள்?

அதற்கும் மேலே இரண்டு பேருக்குள் வாக்குவாதம், அந்தச் சடை யாருடையது என்று. ஒருத்தி மெட்ராஸ் மாடல் என்கிறாள், இன்னொருத்தி யாரோ நடிகை என்கிறாள். அடியே, அது என் சடை. வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அதை இழுத்து இழுத்து விளையாடியவர்களில் நீங்களும் உண்டு. படத்தில் பளபளவென்று தெரிகிறதே, அது விளக்கெண்ணெய். உள்ளே பேனும் இருந்தது.

குழுவின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அட்டையிலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு என் வாயால் வேறு விளம்பரம் எதற்கு? அட்டையில் இல்லாததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் படத்தை வரைந்தவள் என் அக்கா. அந்தப் பச்சையைக் கண்டுபிடித்தவள் அவள். அதற்குள் இருக்கிற பாட்டைப் பாடினவளும் அவள்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த கோடை. நாங்கள் கொக்கிரகுளத்தில் குடியிருந்தோம். அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தார். அக்கா பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்து முடித்து வீட்டில் இருந்தாள். ‘வீட்டில் இருந்தாள்’ என்றால் அர்த்தம் உங்களுக்குத் தெரியும்: மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற பொறுப்பு அப்பாவுடையது அல்ல, வக்கீலுக்குப் படித்துவிட்டு டவுனில் இருந்த பெரியப்பாவுடையது. சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. வயல் போய்விட்டது, பெரியப்பாவின் அதிகாரம் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, வாசலில் செருப்பை விடும்போதே ஏதாவது ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவார்.

அக்கா வெள்ளிக்கிழமைகளில் தெரு அம்மன் கோயிலில் பாடுவாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், கீபோர்டு வாசிப்பவர், சின்னதாக ஒரு இன்னிசைக் குழு வைத்திருந்தார். கொடைக்கும் கல்யாணத்துக்கும் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், சொந்தமாக மெட்டுப் போட்டு அம்மன் பாட்டுக் கேசட் ஒன்று கொண்டுவர நினைத்தார்கள். அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

“ஐயா, இந்தத் தொண்டை இந்தத் தெருவோட நிக்கக் கூடாது. ஒரே ஒரு கேசட்டு. ஸ்டுடியோவுல வந்து பாடிட்டுப் போகட்டும். மேடைக்கெல்லாம் வேண்டாம்.”

பெரியப்பா வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “பாடட்டும்லே. அம்மன் பாட்டுதான. ஆனா படம் வரப்பிடாது. பேரும் வரப்பிடாது. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வாரான்னு வையி. டீக்கடையில தொங்குத மூஞ்சியவா அவனுக்குக் காட்டுவ?”

இதைக் கேட்டு இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கும். நமக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் போட்டோ எங்கள் வீடுகளில் ஜாதகத்தோடுதான் வெளியே போகும், பொருந்தவில்லை என்றால் ஜாதகத்தோடேயே திரும்பி வந்துவிட வேண்டும். எங்கேயாவது ஒன்று தங்கிவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில், பஜாரில் விற்கிற அட்டையில் ஒரு கன்னிப்பெண்ணின் முகமா?

அக்கா அடுக்களை நிலைப்படியில் நின்றிருந்தாள். “சரி பெரியப்பா. முகம் வேண்டாம். ஆனா அட்டைய நான்தான் வரைவேன்” என்றாள்.

“வரஞ்சுக்கோ. கோலம் போடுத மாதிரிதான” என்று பெரியப்பா சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். அட்டை என்பது என்னவென்று அந்த அறையில் அக்காவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஜங்ஷனில் ஈரடுக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கேசட் கடை. கேசட்டை வெளியிடப் போகிறவர் அந்தக் கடை அண்ணாச்சி. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். எதையும் வாங்கவில்லை. சும்மா நின்று பார்த்தாள். பக்திக் கேசட் அட்டைகள் அப்போது எப்படி இருக்கும் என்று ஞாபகம் இருக்கிறதா? நடுவில் அம்மன், பின்னால் மின்னல், நாலு மூலையிலும் முட்டை வடிவத்துக்குள் தலைகள். பாடினவர் தலை, இசையமைத்தவர் தலை, கடைக்காரர் தலை, கடைக்காரரின் காலஞ்சென்ற தகப்பனார் தலை. எழுத்தெல்லாம் தீப்பிடித்து எரியும். எந்த அட்டையை எடுத்தாலும் அதேதான், எந்தக் குழுவுடையது என்று சொல்ல முடியாது.

“ஏட்டி, வாரவங்க கண்ணு எங்க போகுதுன்னு பாத்தியா?” என்றாள் அக்கா. “எல்லாம் அடுக்குல சொருவி இருக்கு. அட்டையோட முன்பக்கம் யாருக்கும் தெரியல. ஓரப்பட்டை மட்டும்தான் தெரியுது. அதுல போயி எறும்பு மாதிரி எழுதி வச்சிருக்கானுவ.”

உண்மைதான். தரையிலிருந்து கூரை வரைக்கும் கேசட்டுகள், எல்லாவற்றுக்கும் சிவப்பும் மஞ்சளுமாக ஓரம். பாலத்தின் மேலே ஓடுகிற பஸ்ஸின் அதிர்வில் அந்த அடுக்குகள் லேசாகக் கிடுகிடுக்கும். பிளாஸ்டிக் வாடையும் ஊதுபத்தி வாடையும் கலந்து வரும். அக்கா ஒரு கேசட்டைத் திறந்து உள்ளே இருந்த தாளை வெளியே எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கையால் அளந்து பார்த்தாள். அண்ணாச்சி, “எம்மா, வாங்கவா வந்த, பிரிச்சுப் போடவா வந்த?” என்று சத்தம் போட்டார்.

அந்தச் சித்திரையில்தான் எங்கள் தெருக் கொடை. முளைப்பாரி வளர்க்கிற அறைக்குள் வெளிச்சம் போகக் கூடாது என்பதால் பயிர் வெளுத்துப்போய், மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறத்தில் வளரும். ஈர மண்ணும் அவிந்த பயறும் கலந்த வாடை அந்த அறைக்கு. அதை வெளியே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஆற்றுக்குப் போனபோது, அக்காவும் நானும் கூட்டத்தின் பின்னால் நடந்தோம். அக்கா திடீரென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“முன்னால பாருட்டி. ஒரு மூஞ்சியாவது தெரியுதா? எல்லாம் முதுகும் சடையும்தான். ஆனா இது நம்ம ஊருன்னு யாராவது சொல்லித் தரணுமா?”

மறுநாளே என்னை முக்காலியில் உட்கார்த்தி, எண்ணெய் தேய்த்து, கனகாம்பரம் வைத்துச் சடை பின்னி, மிச்சமிருந்த முளைப்பாரிச் சட்டியைத் தலையில் ஏற்றிவிட்டாள். அவள் வரைய வரைய எனக்குக் கழுத்து ஒடிந்தது. சட்டியிலிருந்து ஈரம் நெற்றி வழியே இறங்கும், துடைக்கக் கூடாது. தாவரவியல் ரெகார்டு நோட்டுக்கு இலையின் ஒவ்வொரு நரம்பையும் வரைந்து பழகின கை அவளுடையது. சடையின் ஒவ்வொரு பின்னலையும் அப்படித்தான் வரைந்தாள். சுற்றிலும் ஒன்றுமே போடவில்லை. மின்னல் இல்லை, தீ இல்லை, தலைகள் இல்லை. அந்த வெளுத்த பச்சை மட்டும். ஓரப்பட்டையிலும் அதே பச்சை, அதில் குழுவின் பெயர், கோலத்தின் வளைவு மாதிரி உருண்ட எழுத்தில். முன்பக்கத்தில் அதே எழுத்து இடது மூலையில்.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. “இங்க பாரும்மா, மூஞ்சி இல்லாத கேசட்ட எவன் வாங்குவான்? அம்மனும் இல்ல, ஆளும் இல்ல.”

“அண்ணாச்சி, நெல்லையப்பர் கோயில் கோபுரத்த தூரத்துல பாத்தவுடனே தெரியுதுல்லா? பக்கத்துல போயிப் பேர் வாசிச்சா தெரிஞ்சுக்கிடுதோம்? இந்தக் குழுவும் அப்படித் தெரியணும். எப்பவும் இதே பச்சை, இதே எழுத்து, இதே மூலை. அடுத்த கேசட்டுக்கும் அப்படித்தான். அடுக்குல பத்துப் பேரு நடுவுல நின்னாலும் இது தனியாத் தெரியும்.”

அண்ணாச்சிக்குப் புரிந்ததா தெரியாது. மாஸ்டர்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். சிவகாசியிலிருந்து முதலில் அச்சடித்து வந்த மாதிரி வாழையிலைப் பச்சையில் இருந்தது. அக்கா ஒரே வார்த்தையில் மாட்டேன் என்றுவிட்டாள். இருட்டில் மூடி வைத்திருந்த முளைப்பாரியில் ஒரு பிடி பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, அண்ணாச்சி கையில் கொடுத்தனுப்பினாள். அவரும் முனகிக்கொண்டே அதைச் சிவகாசிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அச்சகத்தில் சிரித்திருப்பார்கள். ஆனால் வந்தது பாருங்கள், அதே நிறம்! அக்கா அந்தத் தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

பாட்டுப் பதிவுக்கு அப்பா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டுதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் சாக்குத் துணி. சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். சித்திரை வெயிலில் நாங்கள் உருகினோம். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடினாள். இந்தப் பக்கம் அப்பா ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டி, ஒரு பாட்டு விடாமல் கேட்டார். முளைப்பாரிப் பாட்டின் உச்சத்தில் அக்காவின் குரல் மேலே போனபோது அப்பாவின் உதடு நடுங்கியது. வெளியே வந்து அவர்தான் அவளுக்கு சோடா வாங்கிக் கொடுத்தார். “அடுத்ததுல ஒம் பேரு வரணும்ளா. பெரியப்பாட்ட நான் பேசுதேன்” என்றார். நான் என் காதால் கேட்டேன்.

அக்கா அதற்காகத்தான் காத்திருந்தாள். அவள் திட்டமே வேறு. வீட்டுக்கு வருகிற வழியில் ஆற்றுப் பாலத்தில் நின்று எனக்கு மட்டும் சொன்னாள். “மொதக் கேசட்டுல முதுகு. இது யாரு, யாருன்னு ஊரு கேக்கட்டும். ரெண்டாவதுல அதே பச்சை, அதே முளைப்பாரி, அவ திரும்பி நிப்பா. முகம் என் முகம். கீழ என் பேரு.”

கேசட் வந்தது. அட்டையின் உள்மடிப்பைத் திறந்து பாருங்கள், உங்களில் யாரிடமாவது இன்னும் இருந்தால். தபேலா வாசித்தவர் பெயர், மைக் செட்காரர் பெயர், வேன் ஓட்டினவர் பெயர், அண்ணாச்சியின் தகப்பனார் பெயர். ‘நல்லாசியுடன்’ என்று போட்டு எங்கள் பெரியப்பாவின் பெயர், பட்டத்தோடு! ஆமாம், எந்தப் பெரியப்பா பெயர் வரக்கூடாது என்று சொன்னாரோ அந்தப் பெரியப்பாதான். அவருக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லையே, அதனால் வரலாம் போல. ‘பாடியவர்கள்’ என்ற இடத்தில் ‘குழுவினர்’ என்று இருந்தது. வரைந்தவர் என்று ஓர் இடமே இல்லை. பெரியப்பா அதைத் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தார். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

வைகாசிக் கொடைகளில் அந்தக் கேசட் பட்டையைக் கிளப்பியது. எந்த ஊருக்குப் போனாலும் குழாயில் அக்காவின் குரல். கடையில் கேட்கிறவர்களுக்குக் குழுவின் பெயர் வாயில் நுழையவில்லை. “அண்ணாச்சி, அந்தச் சடைக் கேசட் குடுங்க” என்றுதான் கேட்டார்கள். அண்ணாச்சி ஓர் அடுக்கு முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். ஜங்ஷனில் பஸ் திரும்பும்போது கடைக்குள் அந்தப் பச்சைப் பட்டை தெரியும். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்ப்பதற்காகவே என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் வருவாள்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து வந்து யோசனை கேட்டார். அக்கா எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தாள். மேடைக்குப் பின்னால் கட்டுகிற திரையில் சடை, டிரம்மின் முகத்தில் சடை, குழுவினர் எல்லோருக்கும் அந்த வெளுத்த பச்சையில் சட்டை, வேனின் பக்கவாட்டில் அந்த உருண்ட எழுத்து. அதுவரைக்கும் ஆளுக்கொரு சட்டையில் கல்யாண வீட்டு விருந்தாளிகள் மாதிரி நின்ற கூட்டம், அதற்கப்புறம் ஒரு குழு மாதிரி நின்றது. வேன் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் பின்னால் ஓடும். அதை எல்லாம் அவர்களுக்கு உடுத்திவிட்டவள் வீட்டுக்குள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆனி மாதம் இரண்டாவது அட்டையை வரைந்து முடித்தாள். அதற்கு நான் உட்கார வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியை வைத்துக்கொண்டு தன்னையே வரைந்தாள். அதே பச்சைக்குள் அதே பெண் திரும்பியிருந்தாள். தலையில் முளைப்பாரி, சடை முன்னால் தோளில் விழுந்திருந்தது. சிரிக்கவில்லை, நேராகப் பார்த்தாள். கீழே சின்னதாகப் பெயர். அம்மா அதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா, “நல்லாருக்குளா, நல்லாருக்கு” என்றார். பெரியப்பாவிடம் பேசிவிட்டீர்களா என்று அக்கா கேட்டாள். “பேசுதேன், பேசுதேன். பைய” என்றார்.

அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் அக்காவும் நானும் கடைக்குப் போனோம். மாஸ்டரும் அங்கே இருந்தார். அண்ணாச்சி படத்தை வாங்கி மேஜையில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தார். மனுஷன் முட்டாள் இல்லை. அக்கா சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அவளைவிட நன்றாகப் படித்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நல்லாத்தான் வரஞ்சிருக்க. ஆனா இது வேண்டாம்மா.”

“ஏன் அண்ணாச்சி?”

“முகத்தப் போட்டா அது ஒரு பிள்ளையோட கேசட்டு. சடையப் போட்டா அது எங்க கேசட்டு. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆயி நீ பாம்பேக்கோ டெல்லிக்கோ போயிருவ. நான் கடைய மூடிட்டுப் போவவா?”

அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார். “வேற ஒரு பிள்ளைய வச்சுப் பதிவு முடிஞ்சிருச்சும்மா” என்றார் மெதுவாக. “ஆடிக் கொடைக்கு வரணும்லா. உங்க வீட்டுல ஒவ்வொண்ணுக்கும் பெரியப்பாட்ட உத்தரவு கேட்டு நிக்க முடியல.”

“அட்டை?” என்றாள் அக்கா.

“பழைய படம்தான். சிவகாசியில அச்சுப் பிளேட்டு இருக்கே. தலைப்ப மட்டும் மாத்தியாச்சு.”

அந்த நேரத்தில் பையன் டீ கொண்டுவந்தான். அண்ணாச்சி ஒரு கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு, அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டே அதை அக்காவின் படத்தின் மேல் வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை, அது இன்னும் மோசம். அது படம் என்பதே அவருக்கு அதற்குள் மறந்துபோயிருந்தது. கிளாஸை எடுத்தபோது படத்தில் இருந்த அக்காவின் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரு வட்டம். அக்கா அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. திரும்பி நடந்தாள். அதற்கப்புறம் அது என்ன ஆயிற்று என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அப்பா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். “அப்ப வாரோம் அண்ணாச்சி” என்று கும்பிட்டார்.

ஆடியில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு நாங்கள் போயிருந்தோம். வெயில் தாழ்ந்த நேரம். பச்சைச் சட்டைகள் மேடையில் நின்றன, திரையில் என் சடை தொங்கியது. புதுப் பாட்டுக்காரப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டே மேடையில் ஏறினாள். தலையில் முளைப்பாரி, பின்னால் இடுப்புக்குக் கீழே சடை. பாதிக்கு மேல் சவுரி முடி என்று எங்களுக்குத் தெரிந்தது, கூட்டத்துக்குத் தெரியவில்லை. ‘சடைக் கேசட் பிள்ளை, சடைக் கேசட் பிள்ளை’ என்று விசில் பறந்தது. அவள் திரும்பி, அக்காவின் பாட்டைப் பாடினாள். சுமாராகத்தான் பாடினாள். அதனால் என்ன? பச்சையும் சடையும் இருந்தன, ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். களக்காட்டுப் பக்கம் நடவுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டாவது கேசட்டின் உள்மடிப்பிலும் ‘குழுவினர்’ என்றுதான் இருந்தது. மூன்றாவதில் வேறொருத்தி பாடினாள். அவளுக்கும் அதே கதிதான். சடை ஒன்று, தொண்டைகள் பல! அப்படி ஒரு வழியை அந்த ஆண்களுக்குத் திறந்துவிட்டது யார் என்று கேட்டால் நான் அண்ணாச்சியைச் சொல்ல மாட்டேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, முகமும் பெயரும் வேண்டாம் என்று வெற்றிலை மென்றுகொண்டே சொன்னாரே, அவரைத்தான் சொல்வேன். அவள் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மூடினார். மூடினதால் அவளை யார் வேண்டுமானாலும் தூக்கிவிட்டு இன்னொருத்தியை நிறுத்தலாம் என்று ஆயிற்று. வக்கீலுக்குப் படித்த மனுஷன், இது தெரியவில்லை.

ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், மாப்பிள்ளை பாங்கில் வேலை. பெரியப்பா காலையிலேயே டவுனிலிருந்து வந்து, எது எங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காப்பி. அக்கா அரக்குப் பட்டில் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். நான் அம்மாவுக்குப் பின்னால் கதவோரம் நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா கலகலப்பான பெண்மணி. “ஒரு பாட்டுப் பாடேம்மா, கேப்போம்” என்றாள்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு முளைப்பாரிப் பாட்டை எடுத்தாள். ஸ்டுடியோவில் பாடினதைவிட அன்றைக்கு நன்றாகப் பாடினாள். கேசரித் தட்டோடு நின்ற சித்தி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

“ஆத்தாடி! இது சடைக் கேசட் பாட்டுல்லா! எங்க வீட்டுல எந்நேரமும் இதுதான். அவ பாடுத மாதிரியே அச்சு அசலாப் பாடுதாளே!”

பெரியப்பா பெருமையாகச் சிரித்தார். “ஆமா, கேட்டுக் கேட்டே படிச்சிட்டா. எங்க பிள்ளைக்கு அப்படி ஒரு ஞானம்.”

“அதான பாத்தேன். மேடையில ஏறிக் கத்துததுகளுக்குத்தான் தொண்டை இருக்கும்னு நெனைக்கோம். நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கு. ஆனா நம்ம பிள்ளைக அங்கன எல்லாம் போவாது பாத்துக்கிடுங்க” என்றாள் அந்த அம்மாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

என் வாய் திறந்துவிட்டது. “எங்க அக்காதான்...” என்று ஆரம்பித்ததும் அம்மா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள், உயிர் போய்விட்டது. “ஏட்டி, சும்மா கெட” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. வந்தவர்கள் சின்னப்பிள்ளை ஏதோ பேசுகிறது என்று சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் பெரியப்பாவைப் பார்க்கவும் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக் கேட்டா படிச்சேன்?”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவின் உதடு அசைந்தது. அவர் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அப்பா தட்டில் இருந்த டம்ளர்களைப் பார்த்தார். “காப்பி ஆறுது, எல்லாரும் எடுத்துக்கிடுங்க” என்றார்.

எடுத்துக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது, மண்டபம் எது, மாதம் எது என்று. அந்தப் பாட்டைப் பாடி முடித்து நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க அந்தப் பெரியவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.